நாணில் கட்டிய வால்

வில்லைக் கொண்டுபோய் அடுப்புக்கு மேலே தொங்கவிடுகிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எனக்கு வாய்த்தவர் அப்படித்தான். மலைமேல் எங்கள் அரியூர் நாட்டில் விதைத் தினை, மிளகு என்று காப்பாற்ற வேண்டியது எல்லாமே அடுப்புப் புகையில்தான் தொங்கும். பனிமூட்டத்தில் வில் கெட்டுவிடக் கூடாது என்று என் வீட்டுக்காரர் காத்தான் அதையும் கதிர்க்கட்டுகளோடு மாட்டிவிட்டார். வில்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாணில் இருந்த சைலன்சர்தான் போயிற்று.

சைலன்சர் என்றால் மெல்லிய ரப்பர் இழைகளாலான குஞ்சம், அவ்வளவுதான். நாணின் நூலைப் பிரித்து, மேலிருந்தும் கீழிருந்தும் கால்வாசி தூரத்தில் ஒவ்வொன்று செருகி இறுக்கிக் கட்ட வேண்டும். அம்பு போனதும் நாண் அதிர்ந்து கத்தாது. அந்தச் சத்தம் வரப்போகிறது என்று தெரிந்தாலே எனக்கு அம்பை விடும் முன்பே கண் மூடிக்கொள்ளும். எவ்வளவு பழகியும் இந்தப் பாழாய்ப்போன கண் அடங்கவில்லை. மாவட்ட வில்வித்தை அணிக்கான தேர்வு அடுத்த வாரம். ரப்பரோ சூட்டில் காய்ந்து, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. புதிது வருவதற்குள் தேர்வே முடிந்துவிடும். இனி வில்லை அடுப்புப் பக்கம் கொண்டுபோனால் நடப்பதே வேறு என்று கத்தினேன்.

அன்றைக்குத்தான் எங்கள் நாய் லாரியில் அடிபட்டுச் செத்தது. புதைக்கப் போன மனிதர் வாலோடு திரும்பி வந்தார். புசுபுசுவென்ற அந்த வாலைத் தோலோடு கீற்றுக் கீற்றாக அறுத்து நாணில் கட்டினார். நான் சோறு வைக்கும்போதெல்லாம் ஆடிய வால்.

"மண்ணுக்குப் போறது உனக்காச்சும் ஆகட்டுமே புள்ள," என்றார்.

தூக்கி எறியத்தான் வில்லைப் பிடுங்கினேன். எறிவதற்கு முன் ஒரே ஒரு அம்பு விட்டுப் பார்த்தேன். ரப்பரில்கூடச் சத்தம் இவ்வளவு அடங்கியதில்லை. இன்னொன்று விட்டேன், கண்ணும் மூடவில்லை. எறியவில்லை.

நான் கத்தியதற்குப் பயந்து அவர் வில்லை வெளியே கொட்டகையில் மாட்டினார். புகையில் காய்ந்திருந்தால் தோல் தாங்கியிருக்கும். பனியில் ஊறி அழுகத் தொடங்கியது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பழகினேன்.

தேர்வு நாளில் சேந்தமங்கலம் போகிற பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை; கூட வந்த என் வீட்டுக்காரரே முன் சீட்டுக்குப் போய்விட்டார். கருவாட்டு மூட்டை யாருடையது என்று கண்டக்டர் கேட்டார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். மைதானத்தில் பக்கத்தில் நின்ற அருள்மொழி என்கிற பெண் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தன்னை வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னாள். நடுவர் வந்தார், நாணைப் பார்த்தார், காறித் துப்பிவிட்டுப் போனார். முகத்தைச் சுற்றி ஈ மொய்த்தது.

கடைசி அம்பு இலக்கின் நடு மஞ்சளில் விழுந்தால் அணியில் இடம். இல்லாவிட்டால் வீட்டுக்கு. நேரம் முடியப்போகிறது. நாணைத் தாடைவரை இழுத்தேன். மேல் குஞ்சத்திலிருந்து ஒரு புழு நழுவி என் உதட்டில் விழுந்து நெளிந்தது. துப்பினால் குறி போய்விடும். உதட்டை இறுக மூடிக்கொண்டு அம்பை விட்டேன். மஞ்சள். அதைப் பார்த்த பிறகுதான் அங்கேயே வாந்தி எடுத்தேன்.

அணிப் பட்டியலில் கடைசிப் பெயராக மணிமேகலை என்று என் பெயரை வாசித்தார்கள். திரும்பும் வழியில் அடிவாரத்துக் காரவள்ளியில் மலை ஏறும் பஸ்ஸுக்காக டீக்கடையில் உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரர் வில்லைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்.

"மாநிலப் போட்டிக்கு ரப்பரே வாங்கிக்கலாம் புள்ள. நாயி பாவம். எனக்கே மனசு கேக்கலை."

"செரிங்க," என்றேன்.

கடைவாசலில் ஒரு வெள்ளை நாய் படுத்திருந்தது. நல்ல அடர்த்தியான முடி. என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. இருந்தும், அதன் வாலில் எத்தனை கீற்று தேறும் என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் அந்த டீயைக் குடித்தேன்.