ஹாலிவுட்டில் ஒரு சாவு, திருவள்ளூரில் ஒரு ஸ்நானம்

1964ஆம் வருஷம், ஒரு வியாழக்கிழமை காலை. அரவிந்தவல்லி கட்டிய புடவையோடு கிணற்றடியில் உட்கார்ந்து, வாளி வாளியாக இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டாள். அவளுக்கு இருபத்தைந்து வயது. திருவள்ளூரில் ஊர்க்கோடியிலிருந்த சின்னப் பெருமாள் கோயில் அர்ச்சகர் வேங்கடேசனின் மனைவி.

பக்கத்து வீட்டு மாமி பால் வாங்க வந்தபோது விட்டுப்போன பேப்பரில் ஒரு துண்டுச் செய்தி இருந்தது. மார்லா கிரேன் என்ற ஹாலிவுட் நடிகை முப்பத்துமூன்று வயதில் ஓட்டல் அறையில் இறந்துகிடந்தாளாம். கதவை உடைத்துத்தான் பார்த்தார்களாம். உடலை வாங்கிக்கொள்ள உறவென்று ஒருவரும் வரவில்லையாம். சாவைக்கூட அரவிந்தவல்லி தாங்கிக்கொண்டிருப்பாள். அந்தக் கடைசி வரியைத்தான் தாங்க முடியவில்லை. அவள் வீட்டு வழக்கப்படி, இன்னார் போய்விட்டார் என்று காதில் விழுந்தால் உடுத்திய துணியோடு முழுக வேண்டும். போனவர் அநாதை இல்லை, நமக்கு வேண்டப்பட்டவர் என்று அதற்கு அர்த்தம். அவ்வளவு பேரும் புகழும் இருந்து, முழுக ஒரு ஆள் இல்லாமல் ஒருத்தி போவதா? எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

மார்லா கிரேனை அவள் பார்த்தது ஒரே ஒரு தடவை. கல்யாணமான புதிதில், திருவல்லிக்கேணியில் ஒரு உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தபோது, மத்தியானம் வேங்கடேசன் அவளை நைசாக வெளியே கிளப்பினான். மவுண்ட் ரோடு. தியேட்டர் வாசலில் துண்டை நனைத்து நெற்றித் திருமண்ணை அழித்தான். அதே துண்டைக் குடுமி தெரியாமல் தலையில் சுற்றிக்கொண்டான். உள்ளே திரை முழுக்க அந்த வெள்ளைக்காரியின் முகம். பேசியது பாதி புரியவில்லை, அழுதது முழுக்கப் புரிந்தது. இருட்டில் வேங்கடேசன் இவள் கையைப் பிடித்துக்கொண்டான். படம் முடிகிறவரை விடவில்லை. திரும்பி வரும் ரயிலில் இவள் கண்ணாடி பிடிக்க, அவன் திருமண் இட்டுக்கொண்டான். வண்டி ஆடி ஆடி அது கோணலாகப் போக, இவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். அதற்கப்புறம் அந்த மாதிரி ஒரு நாள் அவளுக்கு வாய்க்கவில்லை. மாமியார் ஹேமாம்புஜம் இருந்த வீட்டில் வாய்க்க வழியும் இல்லை.

“ஊர்ல மூச்சு விட்டுடாதே” என்று அன்றைக்கே சொல்லி வைத்தான். அதில் நியாயம் இருந்தது. ஓட்டலில் காபி குடித்ததற்கே தேவராஜன் என்ற இன்னொரு அர்ச்சகரின் கோயில் பூஜை முறையைப் பறித்து வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள்.

பூக்காரி பூவம்மாள் கொல்லைப்பக்கமாக வந்தவள் ஈரப் புடவையைப் பார்த்தாள்.

“இன்னாம்மா, பொடவையோட ஊத்திக்கினு அழுவுற? யாரு பூட்டாங்க?”

அரவிந்தவல்லி அடுத்த வாளியை இறைத்தாள். பூவம்மாள் நல்ல மனசுக்காரிதான். அதனால்தான் கூடையை அங்கேயே போட்டுவிட்டுக் கோயிலுக்கு ஓடினாள்.

“சாமி, ஊட்ல யாரோ பூட்டாங்க போலக்குது. அம்மா தலைக்கு ஊத்திக்கினு அழுவுது, சீக்கிரம் வா!”

வேங்கடேசன் அப்போது பெருமாளுக்குத் தளிகை சமர்ப்பிக்கத் திரை போட்டிருந்தான். பம்பாயில் அவன் அண்ணா நோயில் படுத்திருந்தார். போனது அவராக இருந்தால் தீட்டு. தீட்டோடு பெருமாளைத் தொடக்கூடாது. எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டு வெளியே ஓடி வந்தான். பெருமாள் பட்டினியாகத் திரைக்குப் பின்னால் நின்றார். தர்மகர்த்தா ஆதிகேசவனும் தெருவில் பாதிப் பேரும் அவன் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

“யாரு? அண்ணாவா?”

“இல்லை.”

“பின்ன யாருடி?”

“மார்லா கிரேன்.”

அந்தக் கூட்டத்தில் அந்தப் பெயர் தெரிந்த ஒரே ஆள் வேங்கடேசன். அவன் முகம் வெளிறிப்போனது.

“யாரது? எந்த ஊர்க்காரா?” என்றாள் ஹேமாம்புஜம்.

அரவிந்தவல்லி பேப்பரை எடுத்து நீட்டினாள். ஆதிகேசவன் வாங்கிப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

“சினிமாக்காரி. அதுவும் வெள்ளைக்காரி. இதுக்காவா சாமி பட்டினி கெடக்குது? ஏம்மா, இவள உனக்கு எப்படித் தெரியும்?”

“படத்துல பாத்தேன். மெட்ராஸ்ல.”

“மெட்ராஸ்ல இங்கிலீஷ் படமா? யார் கூட்டிண்டு போனா?” ஹேமாம்புஜத்தின் குரல் எகிறியது.

பொய் சொல்ல அவளுக்கு ஒரு கணம் இருந்தது. ஆனால் அவள் தன் கல்யாண வாழ்க்கையில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அந்த ஒரு மத்தியானம்தான் இருந்தது. அதோடு, புருஷன் பக்கத்தில் நிற்கும்போது என்ன பயம் என்றும் நினைத்தாள். பைத்தியக்காரி.

“இவர்தான் கூட்டிண்டு போனார். கேளுங்கோ.”

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை. முறை போயிருக்கும், ஊர் கொஞ்ச நாள் சிரித்திருக்கும், அவ்வளவுதான். தேவராஜன் ஒன்றும் செத்துவிடவில்லை, மணவாள நகரில் மளிகைக் கடை வைத்துப் பிழைத்துக்கொண்டுதான் இருந்தார். வேங்கடேசன் தர்மகர்த்தாவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். மனைவியை மட்டும் பார்க்கவில்லை.

“நான் போகலை. எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றான்.

ஹேமாம்புஜம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

“அப்போ யாரோடடி போனே?”

அப்போதுதான் அரவிந்தவல்லிக்கு, தான் எதில் மாட்டிக்கொண்டோம் என்று புரிந்தது. படத்துக்குப் போனதை அவள் வாயாலேயே ஒப்புக்கொண்டாயிற்று. புருஷன் போகவில்லை என்றால் போனவன் வேறு ஒருவன். அவள் கிட்டே போய் வேங்கடேசனின் கையைப் பிடித்தாள். “கையை இப்படித்தானே பிடிச்சுண்டிருந்தேள்? சொல்லுங்கோளேன்” என்று கெஞ்சினாள். ஈரக் கை, தீட்டு என்று அவன் உதறிவிட்டான்.

ஆள் அனுப்பிச் சொல்ல, சாயங்காலம் திருப்பாச்சூரிலிருந்து அவளுடைய அப்பா ராமானுஜம் ஜட்கா பிடித்துக்கொண்டு வந்தார். பள்ளிக்கூட வாத்தியார். மகளை வண்டிக்குள் ஏற்றிவிட்டு, வண்டிக்காரன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

ஊர் சும்மா இருக்குமா? ஒரு வாரத்துக்குள் அந்த ஆளைக் கண்டுபிடித்துவிட்டது. ரயில்வேயில் டிக்கெட் கிளார்க் என்றார்கள். சுருட்டை முடி என்றார்கள். அவனை மெட்ராஸ் வண்டியில் இவளோடு பார்த்ததாகச் சொல்லவும் ஆள் கிடைத்தது. முதலில் வேங்கடேசன் இதையெல்லாம் தலை குனிந்து கேட்டுக்கொண்டான். அப்புறம் தலையாட்டினான். பெண்டாட்டி துரோகம் செய்தும் பெருமாள் கைங்கரியத்தை விடாதவன் என்று பெயர் வந்தபோது, அதையும் வாங்கிக்கொண்டான். அவன் முறைக்கு ஒரு குறையும் வரவில்லை.

அரவிந்தவல்லி அவனுக்கு நாலு கடிதம் போட்டாள். ஒன்றையும் அவன் பிரிக்கவில்லை. அப்பா வீட்டுப் பின்கட்டில், சமைத்துப் போட்டுக்கொண்டு, யாரும் முகம் கொடுத்துப் பேசாமல் ஐந்து வருஷம் இருந்தாள். கடைசி வருஷம் விடாத இருமல். வைத்தியம் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. முப்பதாவது வயதில், மார்கழியில் செத்துப்போனாள்.

அவள் தம்பி மணவாளன்தான் செய்தி சொல்ல வந்தான். வேங்கடேசன் கோயில் வாசலில் நின்று கேட்டான். கண் கலங்கியது உண்மைதான். பிறகு மேல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டான்:

“அந்த ரயில்வேக்காரன் ஒரு தடவையாவது வந்து பாத்தானா?”

மணவாளன் இல்லை என்று தலையை அசைத்தான்.

“படுபாவி” என்றான் வேங்கடேசன். அந்தக் குரலில் இருந்தது நிஜமான கோபம்.