நீற்றாத சுண்ணாம்பு

கணபதிக் கங்காணி கோட்டுப் போட்டுக்கொண்டால் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அன்றைக்கும் கோட்டோடுதான் துரை பங்களாக் கோழிக்கூட்டுக்கு வந்தார்.

அங்கே கோழி பார்ப்பவள் பெரியாயி. முழங்கால் உடைந்து சரியாகக் கூடாமல் போனதால்தான் அவளைத் தேயிலை மலையிலிருந்து இறக்கி இங்கே விட்டிருந்தார்கள். கோழிகளுக்கு ஒன்று ஆனால் மறுபடி கொழுந்துக்கூடையும் செங்குத்து மலையும்தான்.

"கூட்டுல செள்ளுப்பூச்சின்னு துரைசானி மொகஞ் சுளிக்குது. சூளையிலேருந்து சுண்ணாம்பு வந்திருக்கு. தூளாக்கித் தரை பூராக் கொட்டு. காலையில தொரை பாக்க வர்றாரு, பளிச்சுன்னு இருக்கணும்."

"அது நீத்தாத கல்லுங்க. குழியில போட்டுத் தண்ணி ஊத்தி, கொதிச்சு ஆறணும். பெறகு செவுத்துக்கு அடிச்சு, காயுற வரைக்கும் கோழிய வெளிய வைக்கணுங்க. மழையில தரை வேற ஈரம். இப்படியே கொட்டுனா காலு வெந்துபோயிரும்."

கங்காணி வெற்றிலையை மடித்து வாயில் திணித்தார். "நாப்பது வருசமா தெனம் சுண்ணாம்பு திங்கிறேன். எம் நாக்கு வெந்துச்சா? வெள்ளக்காரன் கோழின்னா அம்புட்டு மெல்லிசுத் தோலோ?"

கூட வந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். கோட்டுக்குச் செய்கிற மரியாதை.

பெரியாயி கொட்டினாள். ஆனால் பன்னிரண்டு கோழிகளையும் கூடைக்குள் அடைத்துத் தன் லயத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள்.

விடிந்ததும் காலிக் கூட்டைப் பார்த்துக் கங்காணி குதித்தார். தரையில் ஈரத்திட்டு தெரிந்த இடமெல்லாம் தாமே இன்னொரு கை தூவினார். லயத்திலிருந்து கோழிகளைத் தூக்கிவந்து உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்.

கோழி என்றால் கிளறும். கிளறியதும் வெள்ளைப் புழுதி எழும்பியது. கண்ணைத் திறக்க முடியாமல், காலை ஊன்ற முடியாமல் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. பெரியாயி கதவுக்கு ஓடினாள்; கங்காணி குறுக்கே நின்றார். துரையின் குதிரைச் சத்தம் கேட்டபோதுதான் அவரே உள்ளே பாய்ந்து, வியர்த்த கையால் கோழிகளை வாரி அணைத்தார்.

ஆகவே துரை கண்டது, கொப்புளம் எழுந்த கைகளோடு கோழியைக் காப்பாற்றும் ஒரு விசுவாசியை.

"யார் சுண்ணாம்பு போட்டான்?"

"பெரியாயிதாங்க தொரை."

பொய் என்று சொல்லவும் முடியாது. ஏழு கோழிகள் செத்துக் கிடந்தன. துரை கங்காணியின் கையைக் கழுவித் தம் கையாலேயே மருந்திட்டுக் கட்டினார்.

மறுநாள் காலைப் பெரட்டில், ஆளுக்கு வேலை பிரிக்கும்போது, பெரியாயியின் பெயர் மலைக்கு விழுந்தது. கூடையை மாட்டிக்கொண்டு நொண்டியவளைக் கங்காணி கூப்பிட்டார். இரண்டு கையிலும் கட்டு. வெற்றிலை மடிக்க வழியில்லை.

"இந்தா, சுண்ணாம்பு தடவிக் குடு. பாத்து, கொஞ்சமாத் தடவு. வாய் வெந்துரும்."

அவள் கொஞ்சமாகத்தான் தடவினாள். பிறகு மலை ஏறப் போனாள்.