எல்லாப் பக்கத்திலும் தலைவர் படம்

எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு வெப்சைட் இருக்கிறது. திறந்தால் முதலில் வருவது பள்ளிக்கூடம் இல்லை, ஞானதாஸ். சங்கத் தலைவர், திண்டுக்கல்லில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், படிப்பில் எனக்கு இரண்டு வகுப்பு இளையவர். கோட்டு சூட்டுப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, ஏதோ அணைக்கட்டைத் திறந்துவைக்க வந்தவர் போல நிற்பார். விரல் வலிக்கத் தள்ளிக்கொண்டே போனால் கடைசியில் பள்ளிக்கூடம் வரும், அதுவும் மங்கலாக.

சைட்டைப் பார்த்துக்கொள்வது என் மருமகள் கீர்த்தனா. செம்பட்டியில் எங்கள் வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு இதே வேலைதான் செய்கிறாள். சங்கத்துக்கு நான் கேட்டதற்காகச் சும்மா செய்து கொடுக்கிறாள். அதில் வரும் செய்தியை யாருக்காவது அனுப்ப வேண்டுமென்றால் எங்கள் ஆட்கள் திரையைப் படம் பிடித்து, பாதித் தலையும் பாதி எழுத்துமாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பார்க்கச் சகிக்காமல் அவள்தான் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஷேர் பட்டன் வைத்துவிடலாம் என்றாள். வாட்ஸ்அப்புக்கு ஒன்று, ஃபேஸ்புக்குக்கு ஒன்று. பெரிய வித்தை ஒன்றுமில்லையாம். அழுத்தினால் அந்தப் பக்கத்தின் முகவரியை எடுத்து வாட்ஸ்அப்பிடம் நீட்டும், அவ்வளவுதான். சாயங்காலம் காய்கறி நறுக்கும் நேரத்தில் கோடிங்கை எழுதி முடித்துவிட்டாள்.

முடித்ததைக் கமிட்டியில் காட்டினோம். அங்கேதான் வந்தது வினை. லிங்க் போகும்போது கூடவே ஒரு படமும் போகும், எந்தப் பக்கத்துக்கு எந்தப் படம் என்று ஒரு வரி எழுதினால் போதும் என்று அவள் விளக்கிக்கொண்டிருந்தாள். படம் என்ற சொல் காதில் விழுந்ததும் ஞானதாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஏம்மா, எல்லாப் பக்கத்துக்கும் என் படத்தையே போட்ரு. சங்கம்னா ஒரு அடையாளம் வேணும்ல.”

“பக்கத்துக்கு ஏத்த படம் போட்டாத்தான் சார் படிப்பாங்க.”

“தலைவர் மொகம் இல்லாம இங்கருந்து ஒரு சேதி வெளிய போகக் கூடாது.”

கமிட்டியில் இருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். அவர் கடையில் உட்கார்ந்து ஓசி டீ குடிக்கிறவர்கள் வேறு எதை ஆட்டுவார்கள்? கீர்த்தனா என்னைப் பார்த்தாள். அவர் சொன்ன மாதிரியே அந்த வரியை எழுதினாள்.

அடுத்த வாரம் விடியற்காலையில் சகாயராணி டீச்சர் போய்விட்டார். எனக்கும் ஞானதாஸுக்கும், எங்களுக்குப் பின்னால் வந்த எத்தனையோ வகுப்புப் பிள்ளைகளுக்கும் கையைப் பிடித்து எழுத்தைக் கற்றுக் கொடுத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் மகன் சூசைமுத்து ஒருவன்தான் உறவு என்று. அவனுக்கோ அன்றைக்கே ஊருக்குத் திரும்ப அவசரம். மத்தியானத்துக்குள் அடக்கம் செய்துவிட வேண்டும், வருவதற்கு யார் இருக்கிறார்கள் என்றான். படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரிந்தால் வராமல் இருக்க மாட்டார்கள், சாயங்காலம் வரை பொறுத்துக்கொள் என்று கெஞ்சினேன். அரை மனதோடு சம்மதித்தான். பதினோரு மணிக்குள் ஆட்கள் வருகிற மாதிரித் தெரியாவிட்டால் பங்குச் சாமியாரிடம் சொல்லி முன்னதாகவே எடுத்துவிடுவேன் என்றும் சொன்னான். பெற்ற பிள்ளை இல்லாதவர் என்பதற்காக நாலு பேரோடு, அனாதை போலப் போக வேண்டுமா டீச்சர்?

போனில் சொன்னதும் கீர்த்தனா உடனே பக்கத்தைப் போட்டுவிட்டாள். டீச்சர் பெயர், கோவில், கல்லறை, நேரம் எல்லாம் அதில் இருந்தது. நான் பிணத்துக்குப் பக்கத்தில் நின்றபடியே பட்டனை அழுத்தி, இருக்கிற குரூப்புக்கெல்லாம் தள்ளிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டேன்.

ஒன்பதரை மணி வரை ஒரு ஆள்கூட வரவில்லை. சூசைமுத்து வாட்சைப் பார்க்கத் தொடங்கினான். போனை எடுத்துப் பார்த்தேன். குரூப் முழுக்கக் கும்பிடும் கைகள். ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று போட்டுவிட்டு, அடுத்த நிமிஷமே ஒட்டன்சத்திரத்தில் தக்காளி என்ன விலை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மேலே தள்ளிப் பார்த்தால், நான் அனுப்பியதில் பெரிதாக ஞானதாஸ் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அடியில் ‘கண்ணீர் அஞ்சலி’. லிங்க்கைத் திறந்தால்தானே டீச்சர் பெயர்? எங்கள் ஆட்கள் எதைத் திறந்தார்கள்?

அப்போதே ஞானதாஸிடமிருந்து போன். மாலையோடு இரண்டு பேர் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள். இவர் கைலியோடு போய்க் கதவைத் திறந்திருக்கிறார்.

“வள்ளியக்கா, அந்தப் பக்கத்த மொதல்ல அழிக்கச் சொல்லுங்க. தலைவர் நலமா இருக்காருன்னு என் படத்தோட இன்னொண்ணு போடச் சொல்லுங்க. அப்புறமா டீச்சர் சங்கதியப் பாக்கலாம்.”

டீச்சர் சங்கதியை அப்புறம் பார்க்கலாமாம். அவரிடம் அட்சரம் கற்ற வாய் சொல்கிறது.

“நீ உசுரோட இருக்கிறது இன்னிக்கு ஒரு சேதியா தம்பி? போன வையி.”

கீர்த்தனாவைக் கூப்பிட்டேன். அவளும் பார்த்துவிட்டாள், அந்த வரியில் அவர் படத்தை எடுத்துவிட்டு டீச்சர் படத்தைப் போட்டும்விட்டாள். ஆனால் திரும்ப அனுப்பினால் மறுபடியும் அதே கோட்டு சூட்டு. வாட்ஸ்அப் முதலில் பிடித்துக்கொண்ட படத்தைச் சுலபத்தில் விடாதாம். செத்த நேரம் பொறுங்க அத்தை என்றாள். முகவரியின் வாலில் ஏதோ ஓர் எண்ணைச் சேர்த்து அதைப் புதிய முகவரி என்று நம்பவைத்தாள். தலைப்பிலும் டீச்சர் பெயரை ஏற்றினாள். இந்தத் தடவை வெள்ளைச் சேலையில், சாக்பீஸ் பிடித்த கையோடு டீச்சர் வந்தார். அனுப்பினேன்.

தக்காளிப் பேச்சு நின்றது. முதல் போன் சித்தையன்கோட்டையிலிருந்து, டீச்சரிடம் படித்த ஒச்சாயி.

“டீச்சரா? ஏக்கா, காலைல அந்தாளு மொகத்தப் போட்டு எங்கள ஏமாத்திட்டீங்களே. எப்ப எடுக்குறாங்க? நான் வராம எடுத்துறாதீங்க.”

அதற்குப் பிறகு போன் ஓயவில்லை. எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான், எப்போது எடுக்கிறார்கள் என்று. போனை சூசைமுத்து கையிலேயே கொடுத்து, நீயே பதில் சொல் என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவனே வெளியே போய் நாற்காலிக்குச் சொல்லிவிட்டு வந்தான்.

நாலு மணிப் பூசைக்குக் கோவில் கொள்ளவில்லை. வாசற்படி வரை நின்றார்கள். பஸ்ஸில் வந்தவர்கள், லோடு வண்டியில் வந்தவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள். பெட்டியைத் தூக்குவதற்குப் போட்டி வந்துவிட்டது.

ஞானதாஸ் கோட்டுப் போட்டு வந்திருந்தார். முன்னால் போய் நிற்கப் பார்த்தார், இடம் கிடைக்கவில்லை. கடைசியில் என் பக்கத்தில் வந்து நின்று, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“அக்கா, காலைல செத்தது நான்னு நெனச்சப்போ எம்புட்டுப் பேரு போன் பண்ணாங்க?”

“எப்ப எடுக்குறாங்கன்னு ஒருத்தரும் கேக்கல தம்பி.”

பெட்டி எங்களைத் தாண்டிப் போனது. முன்னால் ஒச்சாயியின் தோளில் ஒரு முனை இருந்தது. நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன்.