கடல் கொண்டுவந்த வீடு

சமோவாவின் மூவாயிரம் ஆண்டு வரலாற்றில் பாயை ஒழித்தவன் நான் ஒருவன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை; தேதி, இடம், சாட்சிகள் எல்லாம் இருக்கின்றன. போன ஜூலை மாதம் ஒரு திங்கட்கிழமை, தலைநகர் அபியாவில் எங்கள் கல்லூரிச் சிற்றுண்டிச்சாலைச் சுவரில், நான் வாராவாரம் ஒட்டும் ஒற்றைத்தாள் பத்திரிகையின் வழியாக அது முறைப்படி ஒழிக்கப்பட்டது.

உட்காரும் பாயை அல்ல. இஃபோங்காப் பாயை. ஒருவன் இன்னொரு குடும்பத்துக்குப் பெரிய தீங்கு செய்துவிட்டால், விடிவதற்குள் அந்த வீட்டு வாசலில் போய் மண்டியிட்டு, நெய்பாயைத் தலைமேல் போர்த்திக்கொண்டு குனிந்திருப்பான் அல்லவா, அந்தப் பாயை. பக்கத்தில் விறகும் கல்லும் இலையும் வைத்திருப்பான். வேண்டுமானால் என்னைச் சுட்டுத் தின்னுங்கள் என்று பொருள். வீட்டுக்காரர் வந்து பாயைத் தூக்கினால் மன்னிப்பு. தூக்காவிட்டால் வெயில் தூக்கும்.

'இறைச்சி தானே விறகு சுமந்துகொண்டு வரும் ஒரே நாடு எங்களுடையது' என்று எழுதியிருந்தேன். கீழே ஒரு பட்டியலும் கொடுத்திருந்தேன்: கொலைக்கு ஒரு பாய், திருட்டுக்குத் தலையணை உறை, அத்தையின் காரைத் தென்னைமரத்தில் இடித்ததற்குக் கைக்குட்டை. கடைசி வரி எனக்கே மிகவும் பிடித்திருந்தது: 'பாய்க்குக் கீழே போகாத ஒரு தலையாவது இந்தத் தீவில் இருக்கட்டும்; அது என்னுடையதாக இருக்கட்டும்.'

சியெனி அத்தை தாளைக் கடைசிவரை படித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு செமு. கைக்குட்டை எங்கடா?"

அத்தை என் அப்பாவின் அக்கா. வக்கீல். தனியாகத் தொழில் நடத்தியிருந்தால் மலைமேல் மாடி வீடு கட்டியிருப்பாள். அவள் இருபது வருடம் அரசாங்கச் சம்பளத்தில், வக்கீல் வைக்க வழியில்லாதவர்களுக்காக வாதாடினாள். ஓலைக்கூடையில் வழக்குக்கட்டுகளைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போவாள். பஸ்ஸில் இடமில்லாவிட்டால் எல்லாரையும்போல யாராவது ஒருத்தர் மடியில் உட்கார்ந்து போவாள். பிறகு வெளியுறவுத் துறையில் சட்டப்பிரிவுக்கு எடுத்துக்கொண்டார்கள். கடல் எல்லை ஒப்பந்தங்களில் காற்புள்ளிகளை நகர்த்தியே நாட்டுக்கு நிறைய மீன் சம்பாதித்துக் கொடுத்தாள் என்பார்கள். இந்த வருடம் அவளைப் பிரஸ்ஸல்ஸுக்குத் தூதராக நியமித்தார்கள்.

எல்லாம் இருந்த அத்தைக்கு ஒன்று மட்டும் இல்லை. பன்னிரண்டு வயதுவரை நியூசிலாந்தில், ஆக்லாந்தில் வளர்ந்தவள் என்பதால் மரியாதைமொழி வராது. கடைத்தெருப் பேச்சு வரும், நீதிமன்றப் பேச்சு வரும். தலைவர்கள் சபையில் பேசும் அந்தப் பழைய பேச்சு மட்டும் நாக்கில் நிற்காது. அதை வெளியே தெரியாமல் வைத்திருந்தாள். எனக்குத் தெரியும். நான் அவள் வீட்டில் தங்கிப் படிப்பவன்.

புறப்படுவதற்கு நான்கு நாள் முன்பு, சவாயித் தீவிலுள்ள சலவாய் ஊரார் அவளுக்கு விருந்து வைத்தார்கள். ஒரு விடுதிக்காரன் வேலி போட்டு வளைத்த அவர்களுடைய நன்னீர் ஊற்றை ஏழு வருடம் வழக்காடி மீட்டுக் கொடுத்தவள் அவள். தங்கள் ஊர்ப் பட்டம் ஒன்றைச் சூட்டி அனுப்ப விரும்பினார்கள். பட்டம் வாங்குகிறவர் சபையில் எழுந்ததும் முதலில் சொல்லவேண்டியது அந்த ஊரின் வணக்கவரிசை. ஒவ்வொரு ஊருக்கும் ஒன்று உண்டு. எந்தெந்த வீட்டுக்கு எந்தச் சொல்லால் வணக்கம் என்று அடுக்கிக்கொண்டே போகும். 'இரண்டு நண்டுகளின் வீட்டுக்கு வணக்கம்', 'விழாத மரத்துப் பிள்ளைகளுக்கு வணக்கம்' என்கிற மாதிரி. எந்த நண்டு, ஏன் மரம் விழவில்லை என்பது அந்த ஊராருக்கு மட்டுமே தெரியும். மற்றவர்கள் புத்தகத்தைப் பார்த்து மனப்பாடம் செய்வார்கள்.

"செமு, சலவாய் வரிசையைப் பெரிய எழுத்துல அடிச்சுக் குடுடா. கண்ணாடி போடாமப் படிக்கணும்" என்றாள் அத்தை.

அடித்துக் கொடுத்தேன். அதோடு நின்றிருக்கலாம்.

அந்த வாரச் சுவர்த்தாளுக்கு நான் எடுத்துக்கொண்ட விஷயம், 'வணக்கவரிசையை யாரும் காதில் வாங்குவதில்லை'. அதற்காகப் போலி வரிசை ஒன்று தயாரித்தேன். அசல் பக்கம் கையில் இருந்ததால் சலவாயையே எடுத்துக்கொண்டு, நாலு சொல்லை மட்டும் மாற்றினேன். என் வகுப்பில் விலியாமு என்று சலவாய்க்காரன் ஒருவன் இருக்கிறான். அவன் ஒருநாள் உருண்டைப் பணியாரம் தின்றுகொண்டே சொல்லியிருந்தான்: "எங்க ஊர்ப் பேச்சாளர் லெயாவா இருக்காரே, அவங்க முப்பாட்டன் எங்க ஊர்க்காரரே இல்லடா. மரக்கட்டையில கட்டுண்டு கரை ஒதுங்கினவராம். பாவம்னு சோறு போட்டு வெச்சுக்கிட்டாங்களாம். நான் சொன்னேன்னு எங்கயும் சொல்லிடாதே, பல்லு போயிடும்." அவன் பெயரைச் சொல்லவில்லை. அந்த வகையில் வாக்கைக் காப்பாற்றினேன். போலி வரிசையில் லெயாவாவின் இடத்தில், 'கடல் கொண்டுவந்த வீட்டுக்கு வணக்கம்' என்று போட்டேன். அழகாகவே இருந்தது. நண்டுக்கும் மரத்துக்கும் நடுவில் வித்தியாசம் தெரியாமல் பொருந்தியும் போயிற்று.

இரண்டு பக்கமும் ஒரே எழுத்தில், ஒரே மேசையில் கிடந்தன.

புதன்கிழமை படகில் அத்தை கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குக் கோக்கோ வாங்கிவந்து குனிந்து கொடுத்தபோது, மூன்றாவது வரியைப் பார்த்தேன். கடல் கொண்டுவந்த வீட்டுக்கு.

சொல்லியிருக்கலாம். கரை வர இன்னும் ஒருமணி நேரம் இருந்தது. "அத்தே, பக்கம் மாறிடுச்சு" என்ற மூன்று சொற்களுக்கு ஒருமணி நேரம் தாராளம். அசல் வரிசை என் கைப்பேசியிலேயே இருந்தது. ஆனால், இதைவிட நல்ல சோதனை கிடைக்காது என்று ஒரு நினைப்பு வந்தது. ஒரு தூதர் தப்பாகப் படிக்கிறார், ஊர் தலையாட்டுகிறது! என் கட்சி ருசுவாகிவிடும். சுவர்த்தாளின் தலைப்புகூடத் தயாராகிவிட்டது.

"என்னடா சிரிக்கிறே?"

"ஒண்ணுமில்ல அத்தே. கோக்கோ சூடா இருக்கு, பார்த்துக் குடி."

சலவாய் சபைவீட்டில் ஆளுக்கொரு தூணில் சாய்ந்து தலைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். லெயாவாவுக்கு எழுபது வயதிருக்கும். கையில் ஈயோட்டும் சாமரம். அத்தைக்குப் பட்டம் கொடுக்கவேண்டும் என்று முதலில் சொன்னவரே அவர்தான் என்பதை அங்கே போன பிறகுதான் அறிந்தேன். நான் வெளியே இளைஞர்களோடு நின்றேன். அத்தை எழுந்து, நடுக்கமில்லாமல், நீதிமன்றத்தில் படிப்பதுபோல நிதானமாகப் படித்தாள். முதல் வரிக்குத் தலைகள் ஆடின. இரண்டாவதற்கும் ஆடின. மூன்றாவது வரிக்கு ஒரு தலையும் ஆடவில்லை.

எல்லாரும் காதில் வாங்கியிருந்தார்கள்.

சடங்குப் பானம் கலக்கிக்கொண்டிருந்த பெண்ணின் கை கிண்ணத்திலேயே நின்றது. அத்தை அதைக் கவனிக்காமல் மீதி வரிகளையும் படித்து முடித்துப் புன்னகை செய்தாள்.

லெயாவா சாமரத்தைக் கீழே வைத்தார்.

"வக்கீலம்மா, இதை உங்க வாயால கேக்கவா நாங்க ஏழு வருஷம் காத்திருந்தோம்?"

அவ்வளவுதான் சொன்னார். எழுந்து போனார். அவருடைய பிள்ளைகள், மருமக்கள் எல்லாரும் எழுந்து போனார்கள். அவர்கள் வீட்டிலிருந்து வந்த பன்றியும் பாதி வெந்த நிலையிலேயே அவர்களோடு திரும்பிப் போயிற்று.

பாதிரியார் மனைவிதான் அத்தையைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னாள். அத்தை தாளைக் கண்ணாடி போட்டு ஒருமுறை பார்த்தாள்.

"இது உன் சுவர்த்தாளாடா?"

"ஆமா."

"நான்தான் பார்க்காம எடுத்துட்டேன். அசலுக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியல எனக்கு." தாளை நாலாக மடித்தாள். "வெக்கமா இருக்குடா. ஊர்ஊராப் போயி வாதாடியிருக்கேன். ஒரு ஊரைக் கும்பிடத் தெரியல."

அப்போதும் எனக்கு வாய் இருந்தது. வகுப்பில் யாரும் அடைக்க முடியாத வாய். திறக்கவில்லை.

சாயங்காலம் வெளியுறவுத் துறையிலிருந்து போன் வந்தது. அத்தை 'சரி, சரி' என்று மட்டும் சொன்னாள். வைத்துவிட்டு என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "நாளைக்கு ரேடியோவுல வந்துடுமாம். அதுக்குள்ள சமாதானம் ஆகலேன்னா வேற ஆளைப் பார்ப்பாங்களாம். நியாயந்தான். லெயாவா மன்னிக்கலேன்னா அவங்க சொல்லவே வேணாம், நானே போகமாட்டேன்."

பெட்டியைத் திறந்து நெய்பாயை எடுத்தாள். பிரஸ்ஸல்ஸ் அலுவலகச் சுவரில் மாட்டுவதற்காக எங்கள் குடும்பம் கொடுத்தது; ஊராருக்குக் காட்டக் கொண்டுவந்திருந்தாள். பட்டுமாதிரி இருக்கும்.

"அத்தே, நீ போய் மண்ணுல உக்காந்தா எவனாவது படம் பிடிப்பான். தூதர் நீ."

"எத்தனை கட்சிக்காரங்களை 'போ, பாயை எடுத்துக்கிட்டுப் போ, தண்டனை குறையும்'னு அனுப்பியிருக்கேன் தெரியுமா? நான் ஒருதடவை போய்ப் பார்த்ததில்ல." பாயை மடியில் வைத்துத் தடவினாள். "தலையை எவ்வளவு குனியணும்னுகூடத் தெரியாது. உனக்குத் தெரியுமா? நீதானே இதைப் பத்தி எழுதினவன்."

தெரியாது என்று தலையாட்டினேன்.

விடியற்காலை, சேவலுக்கு முன்னால் எழுந்தேன். அத்தை எழுவதற்குள் போய்விட்டால் அவள் மண்ணில் உட்கார வேண்டியிருக்காது என்பது கணக்கு. பாதிரியார் வீட்டு அடுப்படியில் மூன்று விறகும், பின்புறத்தில் கல்லும் ஈரப்பலா இலையும் எடுத்துக்கொண்டேன். பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தேன். விறகு கனத்தது. இறைச்சி தானே விறகு சுமந்து வரும் நாடு என்று எழுதியது நான்தான்.

லெயாவா வீட்டு வாசலில் சரளைக்கல். மண்டியிட்டேன். பாயைப் போர்த்தினேன். உள்ளே இருட்டு, ஓலை வாசனை, என் மூச்சு. ஒரு நாய் வந்து முதுகை மோந்து பார்த்தது. அது குரைத்துத் தொலைத்தாலாவது காரியம் ஆகும் என்று நினைத்தேன். அதற்குக்கூட நான் பொருட்டாகப் படவில்லை, போய்விட்டது. வீட்டுக்குள் இருமல் சத்தம். பாத்திரச் சத்தம். யாரும் வரவில்லை. முழங்காலில் கல் ஏறியது.

சரளையில் மெல்லக் காலடி. பாயின் ஓரம் விலகியது.

"கொஞ்சம் தள்ளு" என்றாள் அத்தை.

"அத்தே, நீ வேணாம், போ."

"படிச்சது நான். தள்ளுடா."

தள்ளினேன். ஒரே பாய்க்குக் கீழே இரண்டு பேர். அவள் முழங்கையில் சோப்பு வாசனை. இதற்கு மேல் தள்ளிப்போட இடமில்லை.

"அத்தே. படகிலயே பார்த்தேன். பக்கம் மாறினதை. கரை வர ஒருமணி நேரம் இருந்துச்சு. சொல்லல. யாரும் கேக்கமாட்டாங்கன்னு நிரூபிக்க நினைச்சேன்."

அவள் திட்டியிருக்கலாம், பாயை உதறிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் என் பிடரியில் அவள் கை விழுந்தது. அடியா தடவலா என்று தெரியாதபடி அழுத்தியது.

"குனி. வெளிய தெரியுது."

குனிந்தேன்.

மெதுவாகப் பேசி எனக்குப் பழக்கமில்லை. பாய் தூக்கப்பட்டபோது அது விளங்கியது. லெயாவா நெடுநேரமாக அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"வக்கீலம்மா, எழுந்திருங்க. கோக்கோ ஆறுது."

அத்தைக்கு எழ முடியவில்லை. கை கொடுத்துத் தூக்கினார்.

"எங்க முப்பாட்டன் கடல்ல வந்தவர்தான். பொய்யின்னு நான் சொல்லல. ஆனா அது எங்க வீட்டுக்குள்ள நாங்க சொல்லிக்கிற சொல்லு. நீங்களும் இப்போ கடல் தாண்டிப் போறீங்க. அங்க உங்களை எவனும் 'ஒதுங்கி வந்தவ'ன்னு சொல்லாம இருக்கட்டும்."

அத்தை வாய்விட்டு அழுததை அன்றுதான் முதல்முறை கேட்டேன். பார்க்கவில்லை. நான் சரளைக்கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்தப் பையன்?" என்று வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"தூக்கியாச்சு, மன்னிச்சாச்சு. அவனுக்கு எப்போ தோணுதோ அப்போ எழுந்திருக்கட்டும்."

இருவரும் உள்ளே போனார்கள். பாயையும் மடித்துக் கொண்டுபோய்விட்டார்கள். வெளிச்சம் வந்தது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் வேலியோரம் நின்று பார்த்தார்கள், அவர்களில் ஒருத்தி, "மேல பாயே இல்லியே, இவன் ஏன் குனிஞ்சிருக்கான்?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. நான் தலையைத் தூக்கவில்லை.