பட்டாணி ஆடுகிறாள்

அலாரம் அடிக்கும் முன்பே எழுந்துவிடுவேன். பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைப்பேன். ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போவேன். லத்தியை அள்ளி இரும்புச் சட்டியில் போடுவேன். நனைந்த மரத்தூளை மாற்றுவேன். தொட்டியைக் கவிழ்த்துப் புதுத் தண்ணீர் பிடிப்பேன். இரவே ஊறப்போட்ட கொள்ளில் தவிடு கலந்து வைப்பேன். பட்டாணியின் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, குளம்பில் அடைத்திருக்கும் மண்ணைச் சுரண்டுவேன். பிறகு காப்பி. பிறகு லேப்டாப்.

பட்டாணி குதிரை. செம்பழுப்பு நிறம். ரேஸில் ஓடி ஓய்ந்தவள். என் மனைவி அனுசுயா வாங்கினாள்.

திருமழிசை தாண்டி இஸ்மாயில் பாய் ஒரு லாயம் நடத்துகிறார். மாதக் கட்டணத்துக்குப் பிறருடைய குதிரைகளைப் பார்த்துக்கொள்வார். பட்டாணி அங்கேதான் மற்ற குதிரைகளோடு இருந்தாள். அனுசுயா சனி, ஞாயிறு போய் ஏறிவிட்டு வருவாள். திங்கட்கிழமை முகம் தொங்கிவிடும். “காலையில கதவைத் திறந்தா அவ நிக்கணும்” என்பாள். அதற்காகவே காட்டுப்பாக்கம் ஃப்ளாட்டைக் காலி செய்துவிட்டு, திருநின்றவூரில் பக்கத்து மனையோடு சேர்த்து இந்த வீட்டை வாடகைக்கு எடுத்தோம். தகரக் கொட்டகை போட்டோம். பட்டாணி வண்டியில் வந்து இறங்கிய அன்று அனுசுயா செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினாள்.

ஐப்பசி மழையில் அவளுக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பவில்லை.

தகனம் முடிந்த அன்றே இஸ்மாயில் பாய் போன் செய்தார். “தம்பி, இங்க இடம் காலியாத்தான் இருக்கு. புள்ளைய நான் கூட்டிக்கறேன்” என்றார். அனுசுயாவின் தம்பி வரதன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். “வேணாம் பாய். பட்டாணியை வீட்டுலயே வச்சுக்கோன்னுதான் அவ கடைசியா சொன்னா” என்றேன். வரதன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். அன்று மாலைக்குள் விழுப்புரம் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அது தெரிந்துவிட்டது. மாமியார் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அது பொய். கொட்டகையும் காலியாகிவிட்டால் காலையில் எதற்கு எழுந்திருப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் சொன்னேன்.

பட்டாணி ஆடத் தொடங்கியது அனுசுயா ஆஸ்பத்திரியில் இருந்தபோது. கொட்டகை வாசலில் நின்றபடி தலையை இடமும் வலமும் வீசுவாள். உடம்பின் பாரம் ஒரு முன்னங்காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டே இருக்கும். முதலில் காலை வேளையில் மட்டும். இப்போது நாள் முழுக்க. அவள் நிற்கும் இடத்தில் தரை குழிந்துவிட்டது. மண் போட்டு மூடுகிறேன். மறுபடி குழிகிறது. விலா எலும்பு தெரிகிறது.

தெருவில் எல்லோரும் அதை ஆட்டம் என்றுதான் சொல்கிறார்கள். கோயில் ஊர்வலத்திலும் கல்யாண வரவேற்பிலும் குதிரை ஆடிப் பார்த்தவர்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டுகிறார்கள். யாராவது செல்போனில் பாட்டுப் போடுகிறார்கள். நான் லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அந்தக் கைதட்டலைக் கேட்கிறேன். அது ஆட்டம் இல்லை என்று எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை.

ஆடி பிறந்ததும் எதிர்வீட்டு வேம்புலியம்மாள் கேட்டைத் தட்டினார்.

“இன்னா நைனா, இந்த ஆட்டம் ஆடற குதிரைய ஊட்டுக்குள்ளயே பூட்டி வச்சுகினு கீற? அம்மனுக்குக் கரகம் எடுக்கறோம். முன்னால நடக்க உடேன். உன் பொஞ்சாதி பேர்ல புண்ணியமா போவட்டும்.”

“பாக்கலாம்மா” என்றேன். முடியாது என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். இருந்த காரணத்தைச் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை வரதன் ஆவடியிலிருந்து வந்திருந்தான். அங்கே அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிறான். மாதம் ஒருமுறை பட்டாணிக்குக் கேரட் வாங்கி வருவான். அன்று வேம்புலியம்மாளும் வந்தார். கூடவே பம்பைக்காரர் ஒருவர்.

“ஒரு தபா அடிச்சுப் பாத்துருவோம் நைனா. சத்தத்துக்கு மெரளுதா இன்னான்னு தெரியணுமில்ல?”

நான் வாய் திறப்பதற்குள் வரதன், “அடிங்கண்ணே, எங்க அக்கா குதிரை. எதுக்கும் மெரளாது” என்றான்.

பம்பை அதிர்ந்தது. பட்டாணி ஒரு நொடி அப்படியே நின்றாள். பிறகு தலையை வீசத் தொடங்கினாள். முன்பு நான் பார்க்காத வேகம். தெருவிலிருந்து ஆட்கள் கேட்டுக்குள் வந்துவிட்டார்கள்.

“தோ பாருங்கடி” என்றார் வேம்புலியம்மாள். “பொண்ணு பாக்க வந்தவன வாணாம்னு தலையாட்டறா மாதிரியே கீது!”

எல்லோரும் சிரித்தார்கள். வரதனும் சிரித்தான். போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். “அம்மாவுக்கு அனுப்பறேன் மாமா. அக்கா இருந்திருந்தா…” என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பட்டாணியின் கழுத்தில் வியர்வை நுரைத்தது. ஒவ்வொரு வீச்சிலும் அவள் தோள் கொட்டகையின் இரும்புத் தூணில் இடித்தது. பம்பைச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. இடித்த இடத்தில் முடி உரிந்து சிவந்தது. அவள் நிறுத்தவில்லை. அவளால் நிறுத்த முடியவில்லை. கண்ணின் வெள்ளை தெரிந்தது.

நான் போய்ப் பம்பையின் மேல் கையை வைத்தேன்.

“நிறுத்துங்க.”

பம்பைக்காரர் நிறுத்திவிட்டார். பட்டாணி நிறுத்தவில்லை. பம்பைச் சத்தம் இல்லாமலே ஆடிக்கொண்டிருந்தாள். தோள் தூணில் இடிப்பது இப்போது எல்லோருக்கும் கேட்டது.

“இன்னாப்பா? நல்லாத்தானே ஆடினு இருந்துச்சு?” என்றார் வேம்புலியம்மாள்.

“அது ஆடலம்மா.”

“பின்ன?”

நான் இஸ்மாயில் பாய்க்கு போன் செய்தேன். “பாய், வண்டி அனுப்ப முடியுமா? இன்னிக்கே” என்றேன். “இதோ கெளம்பறேன் தம்பி” என்றார். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

வேம்புலியம்மாள் என் முகத்தைப் பார்த்தார். “வாங்கடி, போலாம்” என்று எல்லோரையும் கேட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போனார்.

நான் கயிற்றைப் பிடித்துப் பட்டாணியைத் தூணிலிருந்து தள்ளி நிறுத்தினேன். ஒரு கையால் அவள் கழுத்தைத் தடவினேன். வரதன் எதிரே வந்து நின்றான்.

“எங்க மாமா அனுப்பறீங்க?”

“பாய் லாயத்துக்கு.”

“ரெண்டு நாளைக்கா?”

“இல்ல. இனிமே அங்கதான்.”

அவன் குரல் உயர்ந்தது. “அக்கா கடைசியா உங்ககிட்ட கேட்டது இது ஒண்ணுதான். அம்மா இன்னிக்கும் அதையே சொல்லிச் சொல்லித்தான் மனசைத் தேத்திக்குது. அதுக்குள்ள உங்களுக்குப் பாரமாயிடுச்சா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வேலை அதிகம், முடியவில்லை என்று சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பான். பட்டாணியும் போயிருப்பாள். பொய் மட்டும் அப்படியே இருந்திருக்கும். மாமியார் தினமும் அதை வைத்து மனசைத் தேற்றிக்கொண்டிருப்பார். பட்டாணி என் கைக்கடியில் ஆடிக்கொண்டிருந்தாள்.

“அவ அதைச் சொல்லலை வரதா.”

“என்ன சொல்லலை?”

“வீட்டுல வச்சுக்கோன்னு சொல்லலை. அது நானா சொன்னது.”

அவன் கை உயர்ந்தது. அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையை இறக்கிவிட்டான். கீழே கிடந்த கேரட் பையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“அப்ப அக்கா என்னதான் சொன்னா?”

சொன்னேன். அவள் கடைசியாகப் பேசிய அன்று காலை நான் கொட்டகையில் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பட்டாணி ஆடுகிறாள், தெருப் பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். பார்த்தால் அனுசுயாவுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். முடிந்ததும் மறுபடி போடச் சொல்லிச் சைகை காட்டினாள். மறுபடி பார்த்தாள். பிறகு வாயிலிருந்த ஆக்ஸிஜன் மாஸ்க்கை இழுத்து இறக்கினாள். நர்ஸ் அதட்டினார். மாஸ்க்கைத் திரும்ப மாட்டிய பிறகு அவள் எதுவும் பேசவில்லை. அதற்கு முன்னால் பேசியது இவ்வளவுதான்:

“லூசு, அது ஆட்டம் இல்லடா. தனியா நிக்க முடியல அவளால. நான்தான் தப்பு பண்ணிட்டேன். நாளைக்கே கொண்டுபோய் பாய்கிட்ட விட்டுடு.”