பின்னுக்குத் திருப்பிய மூன்று கோடுகள்

துளைக்குள் வைத்ததும் புஷ் மறுபக்கத்தால் நழுவி நிலத்தில் விழுந்தது. தட்டித்தான் ஏற்ற வேண்டிய வெண்கல வளையம் அது.

செலீன் அதை எடுத்து மைக்ரோமீற்றரில் பிடித்தாள். மெலிந்துவிட்டிருந்தது.

"இன்னும் எத்தின வார்ப்பு இருக்கு?" என்று கேட்டார் ரஸீன் நானா. மோர்னிங்சைட் வீதிப் பக்கத்தில் இருந்த அந்தப் பட்டறை அவருடையது.

"ஒண்டுதான் நானா."

"மூணு மணிக்கு மியூசியத்தால வாறாங்க புள்ள."

செலீன் புஷ் கடைந்துகொண்டிருந்த லேத், அதாவது கடைசல் இயந்திரம், அருங்காட்சியகத்துக்குரியது; 1911ஆம் ஆண்டினது. சனிக்கிழமை பார்வையாளர் முன்னால் அது திருகாணி வெட்டவேண்டும். அதற்கான பல்சக்கரம் இந்தப் புஷ்ஷில்தான் சுழலும். புதிய பாகங்களையும் அதே லேத்தில்தான் கடையவேண்டும் என்பது ஒப்பந்தம். "நான் செய்யிறன்" என்று முந்திக்கொண்டவள் செலீன். ஆறு வருடமாகக் கணினியில் ஓடும் சி.என்.சி. மெஷினில் இலக்கங்களைத் தட்டி உலோகம் வெட்டியவள்.

"சி.என்.சி.யில போடு. புரோகிராம் ஏத்தி வச்சிருக்கன். பத்து நிமிஷம். ஆரு கண்டுபிடிக்கப் போறா?"

"கையெழுத்து வச்சது நீங்கள், நானா."

"நான்தான். இந்த வேலை பிழைச்சா அடுத்தது வராது. நாலு மாசத்துக்கு வேற ஓடரும் இல்ல. அதையும் யோசி."

பக்கத்து மெஷினில் நின்ற றொய்சன் எட்டிப் பார்த்தான். "லேத்துக்கு ஒரு கீபோட் பூட்டி விடட்டோ, செலீன்?"

"உன்ர வாயைப் பூட்டு, காணும்."

லேத்தின் அக்காலத்து விளம்பரத்தைப் பிரதியெடுத்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். மீசை வைத்த ஒருவன், பளபளக்கும் புத்தம்புது இயந்திரத்தின் கைச்சக்கரத்தை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு நின்றான். அவனும் முதல் நாளில் இப்படித்தான் பயந்திருப்பானோ என்று அவளுக்குத் தோன்றியது.

என்ன செய்தோம் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். கடைசி வெட்டுக்கு, கைச்சக்கரத்தில் குறித்த கோடுகளில் நான்கு உள்ளே போக வேண்டியிருந்தது. அவசரத்தில் ஏழுக்குப் போய், மூன்று கோடு பின்னுக்குத் திருப்பினாள். சக்கரம் சரியாக நான்கைக் காட்டியது.

இப்போது வெட்டுளியின் பக்கத்தில் அளவுமானி ஒன்றை நிறுத்தி, கைச்சக்கரத்தை மூன்று கோடு பின்னுக்குத் திருப்பினாள். அளவுமானியின் முள் அசையவில்லை. கோடுகள் மட்டும் நகர்ந்தன. அப்படியென்றால் சக்கரம் நான்கைக் காட்டியபோதும் உளி ஏழிலேயே நின்றிருக்கிறது.

நூறு வருடத் தேய்மானம். திருகுக்கும் மரைக்கும் இடையில் விழுந்த அந்த வெளியை சி.என்.சி. என்றால் தானே கணக்கில் எடுத்துக்கொள்ளும். இங்கே அதைக் கைதான் அறிய வேண்டும்.

கடைசி வார்ப்பைப் பூட்டினாள்.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. ஒரு வெட்டு மட்டும் மிச்சம். ஒரு கோடு, இரண்டு, மூன்று...

"வந்திட்டினம்!" என்றான் றொய்சன். வெளியே கார் கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது. அவளுடைய கை துள்ளியது. கோடு ஆறில் நின்றது.

இரண்டு பின்னுக்கு. விரல்கள் தாமாகவே அதற்குத் தயாராயின.

கையை எடுத்தாள். மூச்சை விட்டாள். பிறகு சக்கரத்தை ஒரு முழுச் சுற்று பின்னுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மெதுவாக முன்னுக்கு வந்தாள். நான்கு. அதற்குமேல் தொடவில்லை.

வெண்கலம் மெல்லிய பொன்தூளாக உதிர்ந்தது.

அருங்காட்சியகப் பெண் உள்ளே வந்தபோது செலீன் புஷ்ஷைத் துளையில் வைத்துவிட்டிருந்தாள். பெருவிரலால் அழுத்தினாள். விளிம்பு மட்டும் நுழைந்து, நின்றது. மரச் சுத்தியலால் ஒரு தட்டு. இன்னொன்று. வளையம் இறுகி உட்கார்ந்தது.

வந்தவள் மேசையில் கிடந்த மற்றப் புஷ்ஷை எடுத்து, இது என்ன என்று கேட்டாள்.

ரஸீன் நானா செலீனைப் பார்த்தார்.

"நான் பிழையாக வெட்டினது," என்று ஆங்கிலத்தில் சொன்னாள் செலீன். "இதே லேத்தில்தான்."

ரஸீன் நானா சி.என்.சி.யிடம் போய், ஏற்றி வைத்திருந்த புரோகிராமை அழித்தார்.