வால்டர் வரைஞ்ச எழுத்து

பேரே போடலைங்க நான். காப்பிக் கடையில உக்காந்து, என் லேப்டாப்புலேர்ந்து அந்தக் கடை வைஃபையிலதான் புகாரை அனுப்பினேன். கோழி ஆலையில அம்மோனியா கசியுது, கூட வேலை பாக்கற நடீன் மயங்கி விழுந்தா, கேக்க நாதியில்லைன்னு எழுதினேன். "பெயர் தேவையில்லை"ன்னு ஆலையோட வெப்சைட்டுலயே கொட்டை எழுத்துல போட்டிருந்தான். நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!

அடுத்த வாரமே வேலை போச்சு. தாமதமா வந்தேனாம். சூப்பர்வைசர் கிளிஃப் வாசல் வரைக்கும் வந்தான். "லொரெட்டா, இனிமே காப்பிக் கடைக்குப் போனா காப்பியை மட்டும் குடி"ன்னு இளிச்சான்.

அப்புறம் எங்க டல்சா ஊர் சுத்துவட்டாரத்துல எந்த ஆலைக்கு மனு போட்டாலும் உடனே "மன்னிக்கவும்"னு பதில். கம்ப்யூட்டர் வேலை பாக்கற என் நாத்தனார் பெர்னிஸ்தான் லேப்டாப்பைக் குடைஞ்சா.

"அண்ணி, உங்க பேர் எதுக்கு அவனுக்கு? வெப்சைட்டைத் திறந்ததுமே இந்த லேப்டாப் எல்லாத்தையும் ஒப்பிச்சிடும். திரை எவ்ளோ பெருசு, எழுத்து வடிவம், அதான் ஃபான்ட், என்னென்ன இருக்கு, எல்லாம். சம்பளச் சீட்டு பாக்க இதுலதானே பேர் போட்டு நுழைவீங்க? ரெண்டையும் பொருத்திப் பாத்துட்டான்."

"லேப்டாப் ஊர்ல எல்லார்கிட்டயும்தான்டி இருக்கு!"

"வால்டர் ஃபான்ட் வேற யார்கிட்ட இருக்கு?"

வால்டர் என் தம்பி. எங்க செரோக்கி பழங்குடி எழுத்தைக் கையால வரைஞ்சு, ஃபான்ட்டாக்கி, என் லேப்டாப்புல மட்டும் போட்டுக் கொடுத்தான். ஆஸ்பத்திரியில கிடந்தப்போ அதுலதான் கடைசிக் கடிதம் எழுதினான். போன வருஷம் போய்ச் சேர்ந்துட்டான், பாவிப் பய.

"எல்லா ஆலைக்கும் மனு வாங்கறது ஒரே கம்பெனி. உங்க பழைய ஆலைக்காரன் அங்க இந்த லேப்டாப்புக்குக் கரும்புள்ளி வச்சுட்டான். ஃபான்ட்டை எடுத்துட்டா கூட்டத்துல கலந்துடலாம் அண்ணி."

பென் டிரைவ்ல போட்டு வச்சுட்டு, லேப்டாப்புலேர்ந்து அழிச்சேன். வேற மெயில்ல மனு போட்டேன். வேலை கிடைச்சுது.

புது ஆலையிலயும் மூக்கை எரிக்கிற அதே நாத்தம். அதே "பெயர் தேவையில்லை". எனக்கு வீட்டு வாடகை இருக்கு, கம்முனு இருந்துட்டேன்.

அன்னைக்கு வால்டர் கடிதத்தைத் திறந்தேன். ஃபான்ட் இல்லையே, திரை முழுக்க ஒண்ணும் புரியாத இங்கிலீஷ் கிறுக்கல். திரும்பப் போட்டா நான் யாருன்னு தெரிஞ்சுடும். படிக்க முடியாட்டி என்ன, எனக்குத்தான் மனப்பாடமாச்சே: "அக்கா, எவனுக்கும் பயந்து உன் வாயை மட்டும் மூடிக்காதே."